செவ்வாய்க்கிழமைக் கிளினிக்

"அங்கயே நில்லு. நிலையத் தாண்டி உள்ள வந்த, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

இருளாயி முன்காம்பராவின் வாசலை இரண்டு கைகளாலும் மறித்துக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம். சாமிப் படத்துக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பாயில் கிடந்த நான்கு மாதப் பிள்ளை பசியில் தொண்டை கட்டும்படி கத்தியது. வெளித்திண்ணையான இஸ்தோப்பில் நின்ற கலைச்செல்விக்குப் பிள்ளையின் சத்தம் கேட்டதுமே பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. நனைந்தது ரவிக்கை மட்டும் என்றால் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். சீலையின் பின்பக்கத்திலும் கையகலத்துக்கு ஈரம் இருந்தது.

"குளிச்சிட்டுத்தான் மாமி வந்தேன். படியேறக்குள்ள இருமல் வந்திருச்சு."

"எனக்கும்தான் இருமல் வருது. நான் இப்பிடியா நிக்கிறேன்? போ, பீலியில மறுபடி முழுகிட்டு வா. அதுக்குள்ள புள்ள ஒண்ணும் செத்துப் போயிராது."

அன்றைக்கு அது மூன்றாவது முழுக்கு. மலையிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீர் எலும்பைத் துளைத்தது. பக்கத்துக் காம்பராப் பெண்கள் வாளியோடு ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். அது மரியாதைக்காக விட்ட வழியல்ல. பிள்ளை அழும் சத்தம் வரிசை வீடுகள் ஒட்டியிருந்த அந்த லயத்தின் கோடி வரைக்கும் கேட்டது.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு முப்பது நாள் தீட்டு என்பார்கள். கலைச்செல்விக்கு நான்கு மாதமாகியும் அது கழியவில்லை. கழியாது என்று தீர்ப்புச் சொன்னவள் மாமியார். அதற்கு மேல் முறையிட இடமில்லை. சிறுநீர் நிற்காதவள் சாமி இருக்கும் காம்பராவுக்குள் கால் வைக்கக் கூடாது, சோற்றுப் பானையைத் தொடக் கூடாது, பிள்ளையைப் பால் கொடுக்க மட்டும் தூக்கலாம், அதுவும் முழுகிவிட்டு. படுக்கை அடுப்படி மூலையில் ஒரு சாக்கின்மேல். புருஷன் கிருஷாந்து முன்காம்பராவில் தூங்கினான். தோட்டத்துக்குள் ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல பையன் என்று எல்லோரும் சொல்லுவார்கள். நல்ல பையன்தான், அம்மா முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை பேசத் தெரியாது, அவ்வளவுதான் குறை.

இது பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போதே தொடங்கியது. தும்மினால் ஒரு சொட்டு, ரப்பர் மலையில் பால் வாளியைத் தூக்கினால் இரண்டு சொட்டு. தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னாள். இதற்குத் தெரபி இருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை தோறும் செய்கிறார்கள், ஒரு சதமும் வாங்கமாட்டார்கள், இப்போதே பழகிக்கொண்டால் பெற்ற பிறகு கஷ்டமில்லை என்று அந்த மிஸ் விளக்கமாகச் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்தாள். இருளாயி அந்தத் துண்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டாள்.

இருளாயியைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். அவள் அப்படிப்பட்டவளும் அல்ல. புருஷன் போன பிறகு இருபது வருஷம் ரப்பர் பால் வெட்டி இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தவள். மகள் ஷாமிளாவை லயத்துக்கு வெளியே ஒரு வீட்டில் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய வெறி. அதற்கு ஏற்றாற்போல அடுத்த தோட்டத்துச் சசியின் சம்பந்தம் வந்தது. பையன் புளத்கொகுபிட்டியவில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறான், டவுனில் சொந்த வீடு கட்டுகிறான். அவனுடைய அம்மா கிருஷ்ணகுமாரி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பான மிஸ். இரண்டு தோட்டத்திலும் எந்தத் திருவிழா என்றாலும் முதல் விளக்கை அவள்தான் ஏற்றுவாள். அவளுடைய அக்காள் மகன் பெரியாஸ்பத்திரியில் வேலை செய்கிறான்.

"அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில நீ போய் உக்காந்தீன்னா, பொழுது சாயறதுக்குள்ள சம்பந்தி வீட்டுக்குச் சேதி போயிரும். ஒன்னால என் புள்ள வாழ்க்கை நாசமாப் போகணுமா?" என்று இருளாயி கேட்டாள்.

பிரசவம் ஒன்றரை நாள் இழுத்தது. பிள்ளை நல்ல கனம். அதன் பிறகு சொட்டு என்ற பேச்சே இல்லை, எழுந்து நின்றால் ஓடிற்று. இருளாயிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பிள்ளை பெற்றவளின் வயிறு உள்ளே போவதற்காகப் பழைய சீலையை இறுக்கிக் கட்டுவார்கள். அவள் முழங்காலை மருமகளின் இடுப்பில் ஊன்றி, மூச்சு முட்டும்படி இழுத்துக் கட்டினாள். கட்டக் கட்ட ஈரம் கூடியது. ஈரம் கூடக் கூட, கட்டு போதவில்லை என்று இன்னும் இறுக்கினாள்.

மூன்று மாதம் கழித்துக் கலைச்செல்வி மலைக்குத் திரும்பினாள். ரப்பர் மலையில் பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பு கிடையாது. அதனால் விடியற்காலையிலிருந்து பால் நிறுக்கும் வரைக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டாள். உதடு வெடித்தது, தலை சுற்றியது, சிறுநீர் எரிந்துகொண்டு போனது; போவதோ நிற்கவும் இல்லை. தேத்தண்ணி நேரத்தில் மற்றப் பெண்கள் ஒரு மரம் தள்ளி உட்கார்ந்தார்கள். செத்துப் போனால் தேவலை என்று ஒருநாள் நினைத்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம் வந்துவிட்டதால் அந்த நினைப்பைத் தள்ளி வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

கடைசியில் கிருஷாந்துதான் வழி ஒன்று கண்டுபிடித்தான். வரக்காப்பொலவில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் பிசியோ மிஸ் ஒருத்தி சனிக்கிழமை பின்னேரங்களில் தனியாகப் பார்க்கிறாளாம், காசு கட்டிச் சேனல் பண்ணிக் காட்டலாம் என்றான். இருளாயி இரண்டு நாள் யோசித்து ஒப்புக்கொண்டாள். அவ்வளவு தூரத்தில் தெரிந்த முகம் இராது. கேட்பவர்களுக்குக் கோயில் நேர்த்தி என்று சொல்ல வேண்டும். சொந்தப் பேரைக் கொடுக்கக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்கிற வைத்தியத்தை, ஆட்டோவின் டயர் மாற்ற வைத்திருந்த காசை எடுத்து விலைக்கு வாங்கப் போனார்கள். அவர்கள் வாங்கப் போனது வைத்தியத்தை அல்ல, மறைப்பை.

பிசியோ மிஸ்ஸின் பெயர் ஸுமைரா. திரையை இழுத்துவிட்டு, நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, எப்போதிருந்து இப்படி என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் பிறகு ஒருவரும் கேட்டதில்லை. கலைச்செல்வி பதில் சொல்லத் தொடங்கி, சொல்ல முடியாமல் அழுதாள். ஸுமைரா அழவிட்டாள். பிறகு வயிற்றுக் கட்டைக் கண்டு, சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக் கீழே போட்டாள்.

"இத இனிக் கட்ட வேணாம். இடுப்புக்குள்ள ஒரு தசை ஈக்கிது, தொட்டில் சீலை மாதிரி. புள்ளயத் தாங்கித் தாங்கி அது தளந்து போயீக்கிது. நீங்க மேலால இப்பிடி இறுக்கினா எல்லாம் கீழதானே தள்ளும்? தண்ணி குடிக்காம ஈக்கிறதும் பிழை. இது சுகமாகிற வருத்தம், தங்கச்சி. ஒழுங்காச் செஞ்சா மூணு நாலு மாசம்."

சுகமாகிற வருத்தம். குணமாகிற நோயாம். அந்த இரண்டு சொல்லையும் கலைச்செல்வி மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சாபம், தரித்திரம், சீக்கு என்றெல்லாம் கேட்டிருக்கிறாள். இதை ஒருவரும் சொன்னதில்லை.

மூச்சை விட்டுக்கொண்டே தசையை எப்படி உள்ளே இழுத்துப் பிடிப்பது, எத்தனை எண்ணும் வரை பிடிப்பது என்று ஸுமைரா பழக்கினாள். பிறகு, மாதத்துக்கு ஒரு தடவை வந்து இது சரிவராது, கிழமைக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள்.

"செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வாங்களேன். அங்கயும் நான்தான். மெஷினும் அங்கதான் ஈக்கிது. காசும் இல்ல."

"அங்க பேர் எழுதுவாங்களே மிஸ்."

"இங்கயும் எழுதுறதுதானே?"

"இங்க நான் குடுத்தது பொய்ப் பேரு."

ஸுமைரா பேனாவை மூடி வைத்தாள். அவளுக்கு அது புதிய பதிலாகத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடிந்ததும் இருளாயி சீலையை எடுத்து மறுபடி கட்டிவிட்டாள். கட்டக் கூடாதாம் என்று சொன்னதற்கு, பிள்ளை பெற்றவள் நானா அந்த மிஸ்ஸா என்று கேட்டாள். பயிற்சி செய்வதற்குப் படுக்க வேண்டும். அடுப்படியில் படுத்தால் மிதிபட வேண்டும். மலையில் மரத்தில் சாய்ந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது கங்காணி பார்த்துவிட்டு, நின்றுகொண்டே தூங்குகிறாயா என்று சத்தம் போட்டான். அப்படியும் விடாமல் செய்தாள். கொஞ்சம் குறைந்தது போலவும் இருந்தது, குறையாதது போலவும் இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வரக்காப்பொலவுக்குப் போக வழியில்லை.

மார்கழி பிறந்ததும் இருளாயி முடிவாகச் சொல்லிவிட்டாள். தையில் ஷாமிளாவுக்குப் பரிசம். அதற்குள் சரியானால் சரி. ஆகாவிட்டால் கலைச்செல்வி ஓப்பநாயக்கவிலுள்ள தன் தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"புள்ள?" என்று கலைச்செல்வி கேட்டாள்.

"புள்ளைய நான் பாத்துக்கிறேன். மாப்பால் குடுத்தா வளராதா? எங்க வீட்டுப் புள்ள எங்க வீட்டுல இருக்கட்டும்."

அவள் கிருஷாந்தைப் பார்த்தாள். அவன் ஆட்டோ சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று பிறகு அடுப்படிக்கு வந்து சொன்னான். பொறுத்து என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியாது. மாமியார் மாப்பால் டின்னை அன்றைக்கே வாங்கிவந்து அடுப்படித் தட்டில் வைத்துவிட்டாள்.

மூன்றாவது தடவை வரக்காப்பொலவுக்குப் போனபோது அது நடந்தது. கிருஷாந்து கீழே ஆட்டோவோடு நின்றுவிட்டான். மேல்மாடியில் காத்திருக்கும் இடத்தில் ஐந்தாறு பெண்கள், எல்லோர் முகத்திலும் மாஸ்க். கவுன்டர் பெண் "குமாரி மெனிக்கே" என்று ஒரு சிங்களப் பெயரைக் கூப்பிட்டாள். மூலையிலிருந்து ஒரு பெண் எழுந்து, துல்லியமான சிங்களத்தில் ஏதோ கேட்டாள். கோயில் ஒலிபெருக்கியில் எத்தனையோ தடவை கேட்ட குரல் அது. கலைச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே இருந்த கண்களும் நேராக அவளைப் பார்த்தன. கிருஷ்ணகுமாரி.

கலைச்செல்விக்கு முதலில் வந்தது பயம் அல்ல. நம்பமாட்டீர்கள், சந்தோஷம். இந்த உலகத்தில் தான் ஒருத்தி மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தாள். ஊரே விளக்கேற்றக் கூப்பிடும் அந்தக் கைக்கும் இதே உடம்புதானா? எழுந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கிருஷ்ணகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு திரைக்குள் போனாள். வெளியே வரும்போது சுவரோரமாகவே நடந்து, படியிறங்கிப் போய்விட்டாள். கலைச்செல்வி அதைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

பரிசத்துக்குத் தேதி குறிக்க ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கிருஷ்ணகுமாரி, அவளுடைய புருஷன் ஏழுமலை, கூட இரண்டு பேர். கலைச்செல்வியை அடுப்படியை விட்டு அசையக் கூடாது, சத்தம் காட்டக் கூடாது என்று இருளாயி சொல்லிவைத்திருந்தாள். பிள்ளை ஷாமிளாவின் மடியில் இருந்தது. ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், பெண்களுக்குப் புதுப் பாய் விரித்திருந்தது.

கிருஷ்ணகுமாரி தேத்தண்ணியைத் தொடவில்லை. நாட்காட்டியை எடுக்கப் போன ஏழுமலையைக் கையமர்த்திவிட்டுப் பேசினாள்.

"ஒங்க மருமகளுக்கு என்னமோ சீக்குன்னு கேள்விப்பட்டோம். பொண்ணு எடுக்கிற வீட்டுல என்னா ஏதுன்னு தெரிஞ்சுக்கிடணும் இல்லையா?"

அவளைக் கெட்டவள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. முதல்நாள் இரவு முழுவதும் அவள் தூங்கியிருக்கமாட்டாள். யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்களைத்தான் ஊர் நம்பும் என்று பயம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா," என்றாள் இருளாயி.

"பால்குடிப் புள்ளைய விட்டுட்டா?"

ஷாமிளாவின் முகம் வெளுத்துப் போயிற்று. பிள்ளை சிணுங்கத் தொடங்கியது.

அடுப்படி வாசலில் நின்ற கலைச்செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இனிமேல் இழக்க என்ன இருக்கிறது? மாப்பால் டின் தட்டில் இருக்கிறது, தாய் வீட்டுக்கு அனுப்ப மாமியார் கட்டிவைத்த துணிப்பை மூலையில் இருக்கிறது. அவள் நிலையைத் தாண்டி முன்காம்பராவுக்குள் வந்தாள். ஷாமிளாவின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு, அதே பாயில் கிருஷ்ணகுமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். "நீங்க கேள்விப்பட்டது சரிதான். புள்ள பொறந்ததுல இருந்து எனக்கு மூத்திரம் நிக்கல. இது ஒட்டுற வருத்தமில்ல. ஷாமிளாவுக்கு வராது. வைத்தியம் இருக்கு. வாற செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போறேன், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் போவேன்."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். கிருஷாந்து சுவரைப் பார்த்தான். கிருஷ்ணகுமாரியின் விரல்கள் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன, நகக்கண் வெளுக்கும் அளவுக்கு. மெனிக்கே என்று ஒரு சொல் போதும், இந்த வீட்டின் கௌரவம் நிமிர்ந்துவிடும். அந்தச் சொல் கலைச்செல்வியின் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அந்த விரல்களை அவளுக்குத் தெரியும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோருக்கும் நடுவே நிற்கும்போது அவளுடைய விரல்களும் அப்படித்தான் இறுகும். அவள் அதைச் சொல்லவில்லை.

"அங்க பேர் கேப்பாங்க, சொந்தப் பேரையே குடுக்கலாம்," என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

கிருஷ்ணகுமாரி சட்டென்று எழுந்தாள். போவோம் என்று புருஷனிடம் சொன்னாள். அரக்கு நிறப் பட்டுச் சீலையில் எதுவும் தெரியவில்லை. பாயில் தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கையகலத்துக்கு ஈரம்.

இருளாயி அதைப் பார்த்தாள். கிருஷ்ணகுமாரியும் திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே உறைந்து நின்றாள். கலைச்செல்வி ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. பிள்ளையை அந்த ஈரத்தின் மேலேயே கிடத்தினாள்.

"புள்ள நனைச்சிருச்சு. நீங்க பாத்துப் போங்கம்மா."

வந்தவர்கள் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் தரகர் போன் பண்ணினார். பையன் வீட்டுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லையாம். சீக்குள்ள வீட்டில் சம்பந்தம் செய்ய அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லையாம். கலைச்செல்வி அதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஷாமிளா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய கோபமும் நியாயம்தான், போய்ச் சேர வேண்டிய இடம்தான் அதற்குத் தெரியவில்லை. இருளாயி அன்றைக்கு வயிற்றுச் சீலையை எடுத்துக்கொண்டு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கலைச்செல்வி பெரட்டுக்குப் போகாமல் குளித்து உடுத்திக்கொண்டு வந்தாள். முன்காம்பராவில் இருளாயி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கலைச்செல்வி நிலையைத் தாண்டி உள்ளே வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"குடுங்க மாமி. பாலுக்கு அழுவும். நான் பின்னேரம் வந்திருவேன். ஓப்பநாயக்கவுக்குப் போகல."

இருளாயி பிள்ளையைக் கொடுக்கவில்லை. அவளுடைய கண் பாய் சுருட்டி வைத்திருந்த மூலைக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"அன்னைக்குப் புள்ளையோட துணி காஞ்சுதான் இருந்துச்சு," என்றாள். பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே, "அந்தப் பொம்பளைக்கு எத்தன வருசமாம்?" என்று கேட்டாள்.

"தெரியாது மாமி. நான் கேக்கல."

இருளாயி பிள்ளையைத் தூக்கி மருமகளின் கையில் வைத்தாள். போய்விட்டு வா என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

பஸ் தோட்டத்து முடக்குத் திருப்பத்தில் நின்றது. உள்ளே பாதிப்பேர் தெரிந்த முகங்கள். கலைச்செல்வி ஏறும்போதே இரண்டு பெண்கள் தங்கள் சீலையை ஒதுக்கிக்கொண்டார்கள். முன் சீட்டில் இருந்த கங்காணியின் மனைவி, பிள்ளைக்குச் சுகமில்லையா, எங்கே போகிறாய் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கோயில், நேர்த்தி, பிள்ளைக்குத் தடுப்பூசி என்று எத்தனையோ பதில் இருந்தது.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். மூத்திரம் நிக்க மாட்டேங்குது. பெரியாஸ்பத்திரியில செவ்வாய்க்கிழமை அதுக்குத் தெரபி குடுக்கிறாங்க, அங்கதான் போறேன்," என்றாள் கலைச்செல்வி. கடைசிச் சீட்டு வரைக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

கங்காணியின் மனைவி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொண்டக்டர் மிச்சக் காசைக் கலைச்செல்வியின் கையில் படாமல் சீட்டில் வைத்துவிட்டுப் போனான். பஸ் இரண்டு வளைவு தாண்டியது. கலைச்செல்விக்குக் காது சுட்டது. பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் அவளுடைய தோளைத் தொட்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"அங்க கிளினிக் நம்பர் துண்டு எத்தன மணிக்குக் குடுப்பாங்க?"